ஊர் முழுவதற்கும்

மருந்து அறுநூற்று நாற்பது பேருக்குத்தான் இருந்தது. ஆலங்கரையில் இருந்தவர்கள் தொள்ளாயிரம் பேர்.

சென்னையிலிருந்து ஐஸ் பெட்டியில் வந்த புட்டிகளை நான்தான் எண்ணினேன். அறுபத்து நான்கு புட்டிகள். ஒரு புட்டியில் பத்துப் பேருக்குக் காலரா தடுப்பூசி போடலாம். இரண்டு முறை எண்ணினேன். எண்ணிக்கை மாறவில்லை.

அறுபதுகளின் தொடக்கம் அது. அந்தக் கார்த்திகையில் ஐந்து நாள் விடாமல் மழை பெய்து ஏரிகள் உடைந்தன. திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூடத்தை வெள்ள நிவாரணத்துக்கான சுகாதார அலுவலகமாக மாற்றினார்கள். அங்கே எனக்குத் தற்காலிக வேலை. விலங்கியலில் பி.எஸ்ஸி. முடித்து ஆறு மாதம் ஆகியிருந்தது. எந்தக் கிராமத்தில் எத்தனை பேர், எத்தனை பேருக்கு வாந்திபேதி, எத்தனை பேருக்கு ஊசி என்று எழுதி வைப்பதுதான் வேலை. தினமும் காலை பாசஞ்சரில் விழுப்புரத்திலிருந்து வருவேன். அப்பா அங்கே ரயில்வேயில் கேங்மேன். ரயில்வே கொடுத்த ஒற்றை அறை வீட்டில் இருந்தோம்.

ஹெல்த் ஆபீசர் டாக்டர் கிருஷ்ணசாமி. ஐம்பது வயது இருக்கும். நான் மெதுவாகப் பேசுவேன். நடுவில் நிறுத்திவிடுவேன். பெரும்பாலானவர்கள் அந்த இடைவெளியில் தாங்கள் பேசத் தொடங்கிவிடுவார்கள். டாக்டர் அப்படிச் செய்ததில்லை. நான் சொல்லி முடிக்கும் வரை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு காத்திருப்பார். கல்லூரியில்கூட எனக்கு யாரும் அவ்வளவு நேரம் கொடுத்ததில்லை.

வேலையில் சேர்ந்த அன்று, "எந்த ஊரும்மா?" என்று கேட்டார்.

"விழுப்புரம், சார்."

அது உண்மைதான். ஆனால் என் அக்கா அம்சவள்ளியைக் கட்டிக் கொடுத்திருந்தது ஆலங்கரைக் காலனியில். அதை நான் சொல்லவில்லை.

ஐஸ் பெட்டி வருவதற்கு முந்தின நாள், அக்காவின் கணவர் விருத்தாசலம் மாமா அலுவலகத்துக்கு வந்தார். திருவக்கரைக்குக் கிழக்கே ஆலங்கரை. அங்கிருந்து இடுப்புத் தண்ணீரிலும் சேற்றிலும் நடந்து, தார் ரோட்டைப் பிடித்து, பாதி வழி ஒரு லாரியில் வந்திருந்தார். தலையில் கோணிப்பையைக் கவிழ்த்துப் போட்டிருந்தார். வராண்டாவுக்கு வெளியிலேயே நின்றார்.

"உள்ள வாங்க மாமா."

"வேணாம் காந்தி. காலெல்லாம் சேறு. உன் ஆபீஸ் சேறாச்சுன்னா மொத மாச சம்பளத்துலயே புடிச்சுக்குவான்."

என் முழுப்பெயர் காந்திமதி. அவர் மட்டும் காந்தி என்பார். வீட்டில் நான் ஏதாவது கண்டித்தால் "காந்தி சத்தியாகிரகம் ஆரம்பிச்சிருச்சு" என்று சிரிப்பார்.

"அக்கா எப்படி இருக்கா?"

"உங்க அக்காவுக்கு இன்னா கொறச்சல்? ஏரிக்கரை மேல ராணியாட்டம் ஒக்காந்துகினு இருக்கா. சுத்திலும் தண்ணி. மைசூரு மகாராணி அரமனைக்குக்கூட இவ்ளோ பெரிய அகழி கெடையாது."

காலனி பள்ளத்தில் இருந்தது. ஏரி உடைந்ததும் முதலில் முழுகியது அதுதான். எல்லோரும் உடையாமல் மிச்சம் இருந்த கரை மேல் ஏறி, பனையோலையைச் சாய்த்துக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். ஊர் மேட்டில் இருந்தது. அங்கே இரண்டு தெருவில் மட்டும் தண்ணீர் புகுந்திருந்தது.

மாமா கோணியைப் பிழிந்தார். பிறகு சிரிக்காமல் சொன்னார்.

"நேத்து வீரம்மா போய்ட்டா. காலையில மூணு வாட்டி வாந்தி. பேதி, அரிசி களைஞ்ச தண்ணியாட்டம் போச்சு. பொழுது சாயறதுக்குள்ள ஆளே இல்ல. இன்னிக்கி இன்னும் மூணு பேருக்கு ஆரம்பிச்சிருக்குது."

"எந்தத் தண்ணி குடிக்கறீங்க?"

"ஏரிக் கலங்கல்ல வழியற தண்ணிதான். வேற இன்னா இருக்குது?"

"ஊர்க் கிணத்துல மொள்ள விடலியா?"

"கேட்டோம். தலைவரு பார்த்துச் சொல்றேன்னாரு. பார்த்துக்கினே இருக்காரு." கையைத் துடைத்துக்கொண்டு, வேட்டி முடிச்சிலிருந்து ஒரு சிகரெட் அட்டையை எடுத்தார். அதில் கரியால் கோடு கோடாகப் போட்டிருந்தது. "இந்தா. எரநூத்தித் தொண்ணூறு பேரு. கொழந்தைங்களயும் சேர்த்துத்தான். வீரம்மாவைக் கழிச்சுட்டேன். ஊசி வருமா காந்தி?"

"வரும் மாமா."

"நீ சொல்றே. வரும்."

காப்பி வாங்கித் தருகிறேன் என்றேன். அக்கா பயந்துகொண்டிருப்பாள் என்று உடனே கிளம்பிவிட்டார்.

மறுநாள் காலை பெட்டி வந்தது. அதே காலையில் ஆலங்கரைப் பஞ்சாயத்துத் தலைவர் பச்சைமுத்துவும் வந்து டாக்டரின் அறையில் காப்பி குடித்துவிட்டுப் போனார். அந்தப் பக்கத்தில் ஓட்டை இல்லாத படகு அவரிடம் மட்டும்தான் இருந்தது. ஆலங்கரைக்கு மட்டுமல்ல, ஆற்றோரமாக இன்னும் நான்கு கிராமங்களுக்கு எங்கள் ஆட்கள் அந்தப் படகில்தான் போய் வந்தார்கள். அதனால் அவர் வந்ததை நான் பெரிதாக நினைக்கவில்லை.

அவர் போன பிறகு டாக்டர் என்னைக் கூப்பிட்டார்.

"அறுநூத்தி நாப்பது ஊசி. தொள்ளாயிரம் பேர். என்ன பண்ணலாம், சொல்லு."

மருந்து போதாமல் போனால் என்ன செய்வது என்று மாமா வந்து போனதிலிருந்தே யோசித்துக்கொண்டிருந்தேன். சொன்னேன். ஒரு வார இடைவெளியில் இரண்டு தவணை போட்டால்தான் ஊசிக்கு முழுப் பலன். ஆனால் இரண்டாம் தவணைக்கு மருந்தை ஒதுக்கினால் முந்நூற்று இருபது பேருக்குத்தான் போட முடியும். இப்போது ஒரே தவணையாக அறுநூற்று நாற்பது பேருக்கும் போட்டுவிட வேண்டும். நோய் இருக்கும் இடத்தில் முதலில். ஏரிக்கரையில் இருநூற்றுத் தொண்ணூறு பேர். மீதி முந்நூற்று ஐம்பது ஊசியை ஊரில் கலங்கல் வாய்க்காலை ஒட்டிய தெருக்களுக்கு. மேட்டுத் தெருக்காரர்கள் ஆழக் கிணற்றுத் தண்ணீர் குடிக்கிறார்கள், அவர்கள் அடுத்த பெட்டிக்குக் காத்திருக்கலாம். குழுவோடு பிளீச்சிங் பவுடரும் போக வேண்டும். ஊசி வேலை செய்யவே ஒரு வாரம் ஆகும். அதுவரை தண்ணீர்தான் காப்பாற்றும்.

சொல்லி முடிக்க நேரம் பிடித்தது. அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நான் இருபது வருஷமா இந்த வேலை பாக்கறேன்," என்றார். "இவ்வளவு தெளிவா யாரும் எனக்குச் சொன்னதில்ல. இதையே ஆர்டரா எழுது. இனிமே எல்லாம் தமிழ்ல போகணும்னு மேலிடத்துல சொல்லிட்டாங்க. என் தமிழ் மோசம். கையெழுத்தைத் தவிர எதுவும் தமிழ்ல ஒழுங்கா வராது."

எழுதிக் கொண்டுபோனேன். "ஆலங்கரைக் காலனி மக்கள் இப்போது ஏரிக்கரையில் தங்கியுள்ளனர். நோய் அங்கே கண்டிருப்பதால் அவர்கள் 290 பேருக்கும் முதலில் ஊசி போடப்பட வேண்டும்" என்று தொடங்கியிருந்தேன்.

அவர் படித்தார். நீல பென்சிலால் 'காலனி' என்ற சொல்லின் கீழே கோடு போட்டார்.

"இது வேணுமா?"

நான் புரியாமல் நின்றேன்.

"நாமளே தனியாப் பிரிச்சு எழுதணுமா? காலனி வேற, ஊர் வேறன்னு சர்க்கார் காகிதத்துலயே போடணுமா?"

அப்போதுதான் சொன்னேன். அந்த அலுவலகத்தில் வேறு யாரிடமும் சொல்லாததை.

"என் அக்கா அங்கதான் இருக்கா, சார். காலனியில."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். முகம் மாறவில்லை. மாறும் என்று பயந்திருந்தேன்.

"அப்போ இன்னும் நல்லதாப் போச்சு. நீயே அடி அந்தச் சொல்லை. ஊர்னு எழுது. ஊர்ன்னா எல்லாரும் அடக்கம். உன் அக்காவும் ஆலங்கரை ஊர்க்காரிதான். இல்லியா?"

பென்சிலை என்னிடம் நீட்டினார்.

எங்கள் வீட்டுப் பேச்சில் ஊர் என்றால் நாங்கள் இல்லை. "ஊருக்குள்ள வேலைக்குப் போறேன்" என்பாள் அக்கா. காலனியிலிருந்து ஊர் முந்நூறு அடி. ஊர்த் தெரு, ஊர்க் கிணறு, ஊர்க்காரங்க. அந்தச் சொல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று எங்களில் நான்கு வயதுக் குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் பாடப்புத்தகத்தில் ஊர் என்றால் எல்லோரும் இருக்கும் இடம். அந்த அர்த்தத்தில் எங்களைச் சேர்த்து ஒருவர் சொல்லி நான் கேட்டது அன்றுதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் பார்க்காதபடி குனிந்துகொண்டு அடித்தேன்.

திருத்திய உத்தரவு சிறியதாக இருந்தது. "நோய் கண்டுள்ள ஆலங்கரையில், ஊர் முழுவதற்கும், மருந்து உள்ளவரை, ஒரு தவணை ஊசி போடப்பட வேண்டும்."

"யாருக்கு முதல்லங்கறது இதுல இல்லியே, சார்?"

"அதை தேவசகாயத்துக்கு வாயால சொல்லிடறேன். எல்லாத்தையும் எழுதினா காகிதம்தான் கனக்கும்."

கையெழுத்துப் போட்டார்.

அடுத்த நாள் ஊசிக் குழு போனது. ஹெல்த் இன்ஸ்பெக்டர் தேவசகாயமும் இரண்டு உதவியாளர்களும். ஐஸ் பெட்டி, ஸ்பிரிட் விளக்கு, ஊசி கொதிக்க வைக்கும் பாத்திரம், இரண்டு டின் பிளீச்சிங் பவுடர். மாலையில் திரும்பி வந்தார்கள். தேவசகாயம் பதிவேட்டை என் மேஜையில் வைத்தார். அவர் எப்போதும் எதையாவது கேலி பேசிக்கொண்டே வருபவர். அன்று பேசவில்லை.

நான் பெயர்களைப் படித்தேன். முதல் பக்கம். இரண்டாம் பக்கம். அக்காவின் பெயரைத் தேடினேன். கடைசிப் பக்கம் வரை தேடினேன்.

"ஏரிக்கரை எங்க சார்?"

"பட்டியல் ரெடியா இருந்துதும்மா. தலைவரு கையெழுத்தோட. எறங்கின ஒடனே கையில குடுத்துட்டாரு. அறுநூத்திப் பத்துப் பேரு."

"மீதி முப்பது?"

"மழைக்குன்னு அவரு வீட்டுக்கு வந்து தங்கியிருக்கற சொந்தக்காரங்க."

"டாக்டர் உங்ககிட்ட ஒண்ணும் சொல்லலியா? ஏரிக்கரைக்கு முதல்லன்னு?"

"எங்கிட்டயா?" அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஒண்ணும் சொல்லலியேம்மா. நான் கேட்டேன். காலனிக்குப் போடணுமேன்னு தலைவர்கிட்டக் கேட்டேன். ஆர்டரை எடுத்துப் படிச்சுக் காட்டினாரு. ஊர்னுதான் போட்டிருக்கு, இன்ஸ்பெக்டரே, தமிழ் படிக்கத் தெரியாதான்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க."

"பிளீச்சிங் பவுடர்?"

"ஊர்க் கெணத்துல போட்டோம். மூணு கெணறு." பதிவேட்டின் மூலையைத் தடவினார். "படகு ஊர்ப் பக்கத்துலயே நின்னுடுச்சும்மா. அங்கேருந்து ஏரிக்கரை தெரியுது. எங்களப் பார்த்துட்டு எல்லாரும் கைய ஆட்டினாங்க. என்ன பண்றது? நாங்களும் ஆட்டினோம்."

டாக்டரிடம் போனேன். "அடடா," என்றார். "அப்படியா பண்ணிட்டாங்க?" என்று நெற்றியைப் பிடித்துக்கொண்டார். தேவசகாயத்திடம் சொல்ல மறந்துவிட்டதாகவும், இத்தனை அலைச்சலில் எதுதான் நினைவில் நிற்கிறது என்றும் சொன்னார். "நாளன்னைக்கு அடுத்த பெட்டி வருது. முதல் ஊசி உன் அக்காவுக்குத்தான். போதுமா?"

நான் நம்பினேன். நம்பாமல் இருக்க எனக்கு அவர் எந்தக் காரணமும் தந்ததில்லை.

அடுத்த பெட்டி வந்தது. அது திண்டிவனத்தில் இறங்கவே இல்லை. விழுப்புரத்தை அடுத்த காணை முகாமில் கூட்டம் அதிகம் என்று டாக்டர் அதை அப்படியே அங்கே திருப்பி அனுப்பிவிட்டார். நான் அவர் அறை வாசலில் போய் நின்றேன். உள்ளே நான்கைந்து அதிகாரிகள் இருந்தார்கள். சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். பிறகு என் மேஜைக்குத் திரும்பிவிட்டேன்.

அன்று நான் உள்ளே போயிருக்க வேண்டும்.

மறுநாள் தேவசகாயத்திடம், "ரெண்டு டின் பவுடர் எடுத்துக்கினு நாமளே போகலாமா, சார்?" என்று கேட்டேன். அலுவலகத்தில் அதுவரை எங்கள் வீட்டுப் பேச்சில் நான் பேசியதில்லை. வாயில் வந்துவிட்டது. அவர் ஒன்றும் கேட்காமல் டின்களைச் சைக்கிளில் கட்டினார்.

தார் ரோடு வரை பஸ், சைக்கிள் பஸ் கூரை மேல். அதன் பிறகு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். உடைப்பைச் சுற்றிக்கொண்டு மேற்கால் வந்தால் இடுப்பளவுதான் தண்ணீர். டின்களைத் தலையில் வைத்துக்கொண்டு கடந்தோம். படகு இல்லாமலும் அங்கே போக முடிந்தது. இரண்டு மணி நேரம் அதிகம். அவ்வளவுதான்.

கரையின் முதல் ஓலைச் சாய்ப்பிலேயே அக்கா இருந்தாள். என்னைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. அவள் எதிரில் மாமாவின் கோணிப்பை உலர்த்தப் போட்டிருந்தது. பக்கத்துச் சாய்ப்பிலிருந்த பொன்னி என்கிற பெண்தான் சொன்னாள்.

"நேத்து மத்தியானம் போய்ட்டாரும்மா. நோவுக்காரங்கள கட்டில்ல வெச்சு ரோட்டுக்குத் தூக்கிக்கினு போனது பூரா அவருதான். மூணு பேரக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில சேர்த்துட்டாரு. அவருக்கு வந்தப்போ தூக்க ஆம்பள இல்ல."

நான் அக்கா பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் பேசினாள். என்னிடம் பேசுவது போல் இல்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"படகு வந்த அன்னிக்கு உங்க மாமா எல்லாரையும் வரிசையா நிக்க வெச்சாரு. கொழந்தைங்க மொதல்ல. அப்புறம் பொம்பளைங்க. ஆம்பளைங்க கடைசியில. என் கொழுந்தியா ஆபீசு, யாரும் தள்ளிக்கினு மானத்த வாங்கப்படாதுன்னாரு. சட்டைக் கைய எல்லாரும் மடக்கி வெச்சுக்கினோம். ஒரு கெழவி ஊசின்னா பயம்னு அழுதுது. அதுகிட்டக்கூட வேடிக்கை பண்ணிக்கினு இருந்தாரு. பொழுது போற வரைக்கும் நின்னோம். படகு திரும்பிப் போச்சு. அப்பவும் அவரு, ஐஸு தீந்துருச்சு போல, எடுத்துக்கினு வருவாங்கன்னாரு."

"அக்கா..."

"ஊருக்குத்தான்னு காகிதத்துல போட்டிருந்துதாமே. அடுத்த நாளு ஊர்லேருந்து கண்ணையன் வந்து கரைக்குக் கீழ நின்னுக்கினு சொன்னான். உங்க வீட்டுப் பொண்ணு கையாலயே எழுதினதுதான்னு தலைவரு சொன்னாரு, எங்க மேல கோவப்படாதீங்கன்னான்." இப்போதுதான் என்னைப் பார்த்தாள். "நீயா எழுதினே?"

"ஆமாக்கா."

"உனக்கு ஊர்ன்னா இன்னான்னு தெரியாதா?"

எதிரில் கிடந்த கோணிப்பையின் சுருக்கத்தை நீவினேன்.

"நாலு வருசம் படிச்சதுல அது மறந்து போச்சா?"

அதன் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. தேவசகாயம் கலங்கல் தண்ணீரைப் பானைகளில் பிடித்து, எவ்வளவு பவுடர், எவ்வளவு நேரம் என்று எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தார். நான் எழுந்து போய் அளந்து போட்டேன். ஒவ்வொரு சாய்ப்பாகப் போனேன். தண்ணீரில் மருந்து நாற்றம் அடிக்கிறது என்று குழந்தைகள் முகத்தைச் சுளித்தார்கள். தேவசகாயம் தானே ஒரு சொம்பு குடித்துக் காட்டி, "அடடா, கல்யாண வீட்டு சர்பத்து தோத்துது போ," என்றார். அவர்கள் சிரித்தார்கள். மாமா இருந்திருந்தால் அதைவிட நன்றாக ஏதாவது சொல்லியிருப்பார்.

ஐந்து நாள் தொடர்ந்து அப்படியே போனோம். ஆறாம் நாள் புதிதாக யாருக்கும் வரவில்லை. அதற்குள் ஒன்பது பேர் இறந்திருந்தார்கள்.

நான் படித்த அறிவியலுக்கு உண்மையாக இருக்க வேண்டுமானால் ஒன்றைச் சொல்ல வேண்டும். அன்று ஊசி போட்டிருந்தாலும், வீரம்மாவுக்குப் பிறகு போன எட்டுப் பேரும் பிழைத்திருப்பார்கள் என்று சொல்ல முடியாது. ஒரு தவணை ஊசி பாதிப் பேரைக் காக்கும், அதுவும் ஒரு வாரம் கழித்து. மாமா மூன்றாம் நாளே போய்விட்டார். ஊசி அவரைக் காப்பாற்றியிருக்காது. குழுவோடு போன பிளீச்சிங் பவுடர் காப்பாற்றியிருக்கலாம். குழு உத்தரவில் எழுதியிருந்த இடத்துக்குப் போனது. எழுதியது நான்.

மார்கழியில் வெள்ளம் வடிந்தது. அலுவலகத்தை மூடும் முன் சென்னைக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். டாக்டர் என்னைக் கூப்பிட்டார். சந்தோஷமாக இருந்தார்.

"ஆலங்கரையைத் தனியா ஒரு பக்கம் எழுதும்மா. குறைஞ்ச மருந்து, ஒரே தவணை, நோய் இருக்கற இடத்துல முதல்ல. மத்த ஜில்லாவுக்கும் மாதிரியா இருக்கும். திட்டம் தயாரித்தவர்னு உன் பேரைத்தான் போடப்போறேன். அதைப் பார்த்தா உனக்கு வேலை நிரந்தரமாகும். நான் பேசியிருக்கேன்."

அவர் உண்மையாகவே எனக்கு நல்லது செய்ய நினைத்தார் என்று இப்போதும் நம்புகிறேன். அதுதான் எனக்கு இன்னும் தீராமல் இருக்கிறது.

என் மேஜைக்குப் போய் எழுதினேன். நீளமாக எழுதவில்லை. "ஆலங்கரை ஊரில் ஊசி போடப்பட்டவர்கள்: 640. ஆலங்கரை ஊரில் காலராவால் இறந்தவர்கள்: 9." கீழே ஒன்பது பெயர்களையும் எழுதினேன். வீரம்மாள் முதல் பெயர். விருத்தாசலம் ஆறாவது.

கொண்டுபோய் வைத்தேன். அவர் வேறு ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே இதையும் படித்தார்.

"என்னம்மா, தப்பா எழுதியிருக்கே. ஊர்ல ஒருத்தர்கூடச் சாகலையே."

சொன்ன பிறகுதான் அவருக்கே அது கேட்டது. பேனா நின்றது.

ஜன்னலுக்கு வெளியே பென்ச்சுகளை மறுபடி வகுப்புகளுக்குள் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு பென்ச்சு நிலையில் இடித்து, யாரோ திட்டினார்கள்.

"ஊர்ன்னா..." என்று ஆரம்பித்தேன். நிறுத்தினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வழக்கம் போல நான் முடிக்கும் வரை காத்திருந்தார்.

"ஊர்ன்னா எல்லாரும் அடக்கம்னு நீங்க சொன்னீங்க, சார்."

"காந்திமதி, உக்காரு."

நான் உட்காரவில்லை.

"படகு அவன்கிட்ட இருந்துது," என்றார். குரல் தாழ்ந்திருந்தது. "முதல்ல எங்க ஊருக்கு, இல்லேன்னா படகு கெடையாதுன்னான். அந்தப் பக்கம் இன்னும் நாலு கிராமம். ரெண்டாயிரம் பேர். நான் என்ன பண்ணட்டும்? ரெண்டாயிரத்தைப் பாக்கறதா, முந்நூறைப் பாக்கறதா? நீயும் கணக்குப் போடறவதானே. நீயா இருந்தா என்ன பண்ணியிருப்பே?"

அது நியாயமான கேள்வி. என்னிடம் அதை அன்றே கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால், உடைப்பைச் சுற்றி நடந்து போகலாம் என்று சொல்லியிருப்பேன். மாமா அப்படித்தான் வந்தார் என்று சொல்லியிருப்பேன். அவர் கேட்கவில்லை. பென்சிலைத்தான் நீட்டினார். அடிக்க வேண்டிய சொல்லை என்னையே அடிக்க வைத்தார். அதற்காக என் அக்காவை ஊர்க்காரி என்றார்.

இதை எல்லாம் நான் சொல்லவில்லை. "நடந்து போகலாம் சார்" என்று மட்டும் சொன்னேன்.

அவருக்கு அது புரிந்ததா என்று தெரியவில்லை. பிறகு, "இது இப்படியே போக முடியாதும்மா," என்று முணுமுணுத்துவிட்டு என் தாளை இழுத்தார். 9 என்ற எண்ணை அடித்து 0 போட்டார். ஒன்பது பெயர்களுக்கு மேலே இருந்த இடத்தில் தலைப்பு மாதிரி ஒரு வரி எழுதினார். தாளை என் பக்கம் திருப்பினார்.

"ஆலங்கரைக் காலனியில், ஊருக்கு வெளியே, ஏரிக்கரையில் தங்கியிருந்தோருள் இறந்தவர்கள்."

நான் அடித்த சொல்லை அவர் தன் கையாலேயே திரும்ப எழுதியிருந்தார். நல்ல தமிழ். ஒற்றுகூட விடவில்லை.

அதற்குக் கீழே, திட்டம் தயாரித்தவர் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட வேண்டும். அவர் பேனாவை நீட்டினார். நான் வாங்கிக்கொள்ளவில்லை. நீட்டிய கை கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது.

மாலை பாசஞ்சருக்கு இன்னும் நேரம் இருந்தது. ஸ்டேஷன் வரை நடந்தேன். பிளாட்பாரத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டாள்.

"எந்த ஊரும்மா நீ?"

வாயைத் திறந்தேன். அதற்குள் ரயில் வந்துவிட்டது.